ரிம்மைத் தொடாத கோடு

அறையில் இருந்தவர்கள்:

மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர். அவருக்கு இடது கைப்பக்கம் இன்சூரன்ஸ் சர்வேயர், கண்ணாடி போட்ட ஒரு அம்மா. சுவரோரம் டிரைவர் ஆமை, வலது கையில் மாவுக்கட்டு. எனக்குப் பக்கத்து நாற்காலியில் மாமா, அதாவது என் அக்கா புருஷன், பகல் ஷிப்ட் ஃபிட்டர். அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை. அப்புறம் நான், ராத்திரி ஷிப்ட் ஃபிட்டர், ஆறு மணிக்கு வேலை முடித்தும் தூங்காமல் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தவன். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பையில் முறிந்த போல்ட் துண்டுகளோடு நாலு நட்டு. அவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு எல்லாரும் அவற்றைப் பார்த்துத்தான் பேசினோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

பதினோரு நாளுக்கு முன்னால் ஆமை ஓட்டிப்போன லாரி ஒரு இறக்கத்தில் கவிழ்ந்தது. பின்பக்கம் இடது சக்கரங்கள், ஜோடியாக, கழன்று ஓடிவிட்டன. ஐம்பதுக்கு மேல் மிதிக்காத ஆள் என்பதால்தான் அவருக்கு ஆமை என்று பெயர். அதனால்தான் உயிரோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு சக்கரம் என்னை ஓவர்டேக் பண்ணி முன்னால ஓடுது மேடம்," என்றார் சர்வேயரிடம். "என்னை முந்தாத வண்டி ரோட்ல இல்ல, சரிதான். ஆனா என் வண்டியோட சக்கரமே என்னை முந்தும்னு நினைக்கல."

யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டுக் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார். தோள்பட்டையில் மூன்று இடத்தில் முறிவு. இனி ஸ்டியரிங் பிடிக்க முடியுமா என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரியுமாம்.

சர்வேயர் பையிலிருந்து ஒரு நட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "இது கூம்பு நட்டு. அடிப்பக்கம் சரிஞ்சு இருக்கு, பாருங்க. பழைய மாடல் ரிம்முக்கு இது. அந்த ரிம்ல ஓட்டையும் இதே மாதிரி சரிவா இருக்கும், போய் நச்சுன்னு உட்காரும். இந்த வண்டிக்கு போன மாசம் ரிம் மாத்தியிருக்கீங்க. புது ரிம்ல ஓட்டை நேரா இருக்கும். அதுக்கு அடியில வாஷரோட வர்ற தட்டை நட்டுதான் போடணும்."

"ரெண்டு நட்டுக்கும் மரை ஒண்ணுதானே?" என்றார் மேனேஜர்.

"மரை ஒண்ணுதான் சார். அதான் பிரச்சனை. ஏறும், இறுகும். இறுக்கம் அளக்கற டார்க் ரெஞ்ச் வச்சா அதுவும் டக்குனு சத்தம் குடுத்து சரின்னு சொல்லிரும். ஆனா நட்டு ரிம் மேல உட்காராது. ஓட்டையோட விளிம்புல நூல் அளவு பிடிச்சிக்கிட்டு நிக்கும். லோடு ஏத்தி ஓட ஓட விளிம்பு தேயும், நட்டு தளரும்."

நான் நட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நட்டு எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பட்டறை மூலையில் ஒரு தகர டின் இருக்கிறது. போன மாதம் ரிம் மாற்றியபோது கழற்றிய பழைய கூம்பு நட்டெல்லாம் அதில்தான் கிடக்கின்றன.

ஆனால் என்னை உலுக்கியது அதுவல்ல. நட்டின் தலையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது.

எங்கள் பட்டறையில் சக்கரம் ஏற்றி நட்டை முறுக்கியவன், முறுக்கி முடித்ததும் பெயின்ட் மார்க்கரால் நட்டின் மேல் ஒரு கோடு போட வேண்டும். போல்ட் முனையும் நட்டும் ஒரே கோட்டில் இருந்தால் நட்டு நகரவில்லை என்று அர்த்தம். டிரைவர் வழியில் இறங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆளுக்கு ஒரு நிறம். மாமா சிவப்பு. நான் மஞ்சள். கோடு போட்டவன் அந்தச் சக்கரத்துக்குப் பொறுப்பு.

"மஞ்சள் யாரு?" என்று கேட்டார் மேனேஜர். அவருக்கே தெரியும்.

"நான்."

"ஜாப் கார்டுல கையெழுத்தும் உன்னுது. வேலை முடிஞ்ச நேரம் காலைல அஞ்சு அம்பதுன்னு போட்டிருக்கு." டைப் செய்த ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. பொருத்தம் பார்க்காம தப்பான நட்டு போட்டது நீன்னு எழுதியிருக்கு. ஃபிட்டர் கார்டை ஒப்படைச்சிரு. ஆளுக்கு அடிபட்டதால கேஸும் உன் பேர்லதான் போகும். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்தச் சக்கரத்தில் உண்மையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி, சக்கரத்தின் நடுவில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ஹப் சீல் கசிந்ததால் சக்கரத்தைக் கழற்றியவன் நான்தான். சீலை மாற்றினேன். கழற்றிய தட்டை நட்டுகளில் மூன்றில் வாஷர் விரிசல் விட்டிருந்தது. அப்படி இருந்தால் பத்தையும் மாற்ற வேண்டும். ஸ்டோரில் தட்டை நட்டு இல்லை, மறுநாள்தான் வரும். காலை ஆறு மணிக்கு மாமா வந்தபோது சக்கரங்கள் தரையில்தான் கிடந்தன.

"மாமா, தட்டை நட்டு வர்ற வரைக்கும் ஏத்தாதீங்க. அந்த டின்ல இருக்கறதத் தொடவே தொடாதீங்க, அது சேராது," என்றேன்.

"எனக்கே பாடம் எடுக்கறியா? போய்த் தூங்குடா மாப்ளே. கண்ணு ரெண்டும் பிரேக் லைட் மாதிரி எரியுது."

டயரில் சாக்பீஸால் 'தட்டை நட்டு மட்டும்' என்று எழுதிவிட்டுப் போனேன். ஷிப்ட் மாறும்போது எழுத வேண்டிய கைமாற்று நோட்டில் எழுதவில்லை. நானும் மாமாவும் அந்த நோட்டைத் தொடுவதே கிடையாது. காரணம் இருக்கிறது.

டிப்ளமோவை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு வந்த என்னை இந்தப் பட்டறையில் சேர்த்துவிட்டவர் மாமா. அவர் வீட்டுப் பின்னறையில்தான் ஆறு வருஷமாக இருக்கிறேன். இருவருக்கும் இடையில் ஒரு ஏற்பாடு இருந்தது. எனக்கு உடம்பு முடியவில்லை என்றால் நாலரைக்கே கிளம்பிவிடுவேன். மிச்சச் சக்கரத்தை மாமா வந்து ஏற்றி, என் மஞ்சளால் கோடு போட்டுவிடுவார். பிள்ளைகளை ஸ்கூலிலிருந்து கூப்பிட வேண்டும் என்று அவர் மூன்று மணிக்கே போனால், நான் ஆறு மணிக்கு வந்து முடித்துச் சிவப்பால் போடுவேன். ஜாப் கார்டின் அடியில் இருவரும் முதலிலேயே கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவோம்; நேரத்தைச் சக்கரம் ஏற்றியவன் நிரப்பிக்கொள்வான். இரண்டு மார்க்கரும் ஒரே டப்பாவில் கிடக்கும். நோட்டில் எழுதினால் யார் எப்போது போனார்கள் என்று தெரிந்துவிடும்; அதனால் எழுதுவதில்லை. தப்புதான். பட்டறையில் யாருக்கும் தெரியாது. இதுவரை ஒரு நட்டுகூடத் தளர்ந்ததில்லை என்பதால் அதைத் தப்பு என்று நினைத்ததும் இல்லை.

ஆனால் அன்றைக்கு நான் சீக்கிரம் போகவில்லை. முழு ஷிப்ட் பார்த்தேன். சக்கரம் தரையில் கிடக்க, வாயால் சொல்லி, ஒப்படைத்துவிட்டுப் போனேன். அப்புறம் ஏற்றியிருந்தால் அது மாமாவின் வேலை. சிவப்புக் கோடு இருக்க வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தபோது வண்டி இல்லை. தட்டை நட்டு எப்படியோ வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆறரைக்குப் போன் வந்தது, வண்டி கவிழ்ந்துவிட்டது என்று. மறுநாள் மாமாவிடம் கேட்டேன். "தட்டை நட்டுதான் போட்டேன். ரிம்மே கோளாறு. புது சரக்குல்ல, நாலு நாள் நிக்கறதில்ல," என்றார். பத்து நாள் அதை நம்பினேன். ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு நம்பினேன்.

இப்போது அறையில் மாமா வாயைத் திறந்தார். குரலில் வருத்தம் வழிந்தது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல இதமாகச் சொன்னார்.

"சார், பையன் நல்ல வேலைக்காரன். ராத்திரி ராத்திரியா முழிக்கிறான், கண்ணு அசந்திருக்கும். காலைல நான் வரும்போது சக்கரம் ஏத்தியாச்சு, கோடும் போட்டாச்சு. நானும் திரும்பிப் பார்க்கல. அது என் தப்பு. கொஞ்சம் பார்த்து செய்யுங்க. வீட்டுப் பையன்."

வீட்டுப் பையன். எனக்கு முப்பத்தொரு வயது.

காலையில் அக்கா டீ கொடுத்தபோது சொன்னது ஞாபகம் வந்தது. "கேட்டா ஆமான்னு சொல்லிட்டு வந்துருடா."

"என்னத்தக் கேட்டா?"

"என்ன கேட்டாலும். உனக்கென்ன, புள்ளையா குட்டியா. எங்க போனாலும் பொழச்சுக்குவ."

பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்தேன்.

மேனேஜர் பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பிளாஸ்டிக் பையை இழுத்து மிச்ச மூன்று நட்டையும் வெளியே கொட்டினேன். சர்வேயர் தடுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். தலையில் மஞ்சள், போல்ட் முனையில் மஞ்சள். பக்கவாட்டில் ஒன்றுமில்லை. நாலிலும் ஒன்றுமில்லை.

நான் கோடு போடுவது ரிம்மில் தொடங்கி. இரண்டு விரல் நீளம் ரிம்மில், அங்கிருந்து நட்டின் பக்கவாட்டில் ஏறி, போல்ட் முனையில் முடியும். மாமா ரிம்மைத் தொடமாட்டார். "ரிம்மை ஏன்டா அசிங்கம் பண்ற, சின்னப்புள்ளை செவுத்துல கிறுக்கற மாதிரி," என்று ஆறு வருஷமாகக் கிண்டல். அவர் கோடு நட்டின் தலையில் ஒரு இழு, அவ்வளவுதான்.

"மேடம்," என்றேன், "இது என் நிறம். என் கை இல்ல."

"மாப்ளே." மாமா முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். "யோசிச்சுப் பேசு."

அவர் எதைச் சொல்கிறார் என்று புரிந்தது. கை வேறு என்று காட்ட ஒரே இடம்தான் இருக்கிறது, வெளியே யார்டு. அங்கே நிற்கிற வண்டிகளின் சக்கரங்கள். அங்கே போனால் இந்த ஒரு சக்கரம் மட்டும் வெளியே வராது. நாலரைக்குப் போன நாள், மூன்று மணிக்குப் போன நாள் எல்லாம் வரும். என் மஞ்சளில் அவர் கை இருக்கும். அவர் சிவப்பில் என் கை இருக்கும். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் வேலையும் போகும், கேஸும் வரும், ஆமையின் தோள்பட்டையும் காலத்துக்கும் என் பேரில் நிற்கும்.

பேனாவை மேஜையில் வைத்தேன். "வெளிய வாங்க. காட்டறேன்."

யார்டில் ஏழு வண்டி நின்றன. வெயிலில் டயர் வாடை. முதல் வண்டியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினேன். மஞ்சள், ரிம்மிலிருந்து ஏறியது. "இது நான்." அடுத்த வண்டி, சிவப்பு, தலையில் மட்டும். "இது அவரு." சர்வேயர் போட்டோ எடுத்தார். மூன்றாவது வண்டியில் பின் சக்கரம். மஞ்சள். தலையில் மட்டும்.

சர்வேயர் என்னைப் பார்த்தார். "நிறம் உங்களோடது."

"கை அவரோடது."

"அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்ல. தூங்கிட்டு இருந்தேன்."

மேனேஜரின் முகம் மாறியது. நாலாவது வண்டியில் சிவப்புக் கோடு ரிம்மிலிருந்து ஏறியிருந்தது. அதை நானே காட்டினேன். "இது அவர் பேர்ல நான் போட்டது." அப்புறம் நான் காட்ட வேண்டியிருக்கவில்லை. சர்வேயர் தானாகவே ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து குனிந்து போனார். நானும் மாமாவும் ஒருத்தருக்கு ஒருத்தர் செய்த உபகாரமெல்லாம் ஏழு வண்டியில் வரிசையாக நின்றது. ஒரு சக்கரத்தில் பத்து நட்டில் ஆறு என் கை, நாலு அவர் கை. எந்த நாள் என்று ஞாபகம் இருந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். அவர் அரை மணி நேரம் முன்னாடியே வந்து என்னை அனுப்பினார்.

ஆமை என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏம்ப்பா, கலர் பார்த்து நம்பிக்கையா ஏறுவேனே. உங்க ரெண்டு பேரு கலர் இருந்தா நான் வழியில எறங்கிக்கூடப் பார்க்கறதில்ல." அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

மேனேஜர் கையை நீட்டினார். "கார்டு. ரெண்டு பேரும்." இருவரும் எடுத்துக் கொடுத்தோம். வாக்குமூலத்தைச் சர்வேயர் புதிதாக எழுதினார். சக்கரம் ஏற்றியது மாமா என்று எழுதினார். நிறத்தை இரவல் கொடுத்துப் பழகியது நான் என்றும் எழுதினார். அந்த இரண்டாவது வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

கேட்டுக்கு வெளியே மாமா நின்றிருந்தார். இஸ்திரிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பத்தரைக்குள்ள வண்டி போகலன்னா என்னை வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு நின்னான் அந்த மேனேஜர்," என்றார். "மூணு நாள் ஓட்டம். வண்டி திரும்பினதும் மாத்திரலாம்னு நினைச்சேன். பழைய நட்டு ரெண்டு நடை தாங்கும்னு நினைச்சேன்டா."

"சரி. அது தப்புக் கணக்கு. சிவப்பு மார்க்கர் அதே டப்பாலதானே இருந்துச்சு?"

மாமா சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் முழு ஷிப்ட் பார்த்துட்டுத்தான் போனேன். சிவப்புதான் போடணும். ஏன் மஞ்சள எடுத்தீங்க மாமா?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உனக்கென்ன, புள்ளையா குட்டியா."

அதே வார்த்தை. அதே வரிசை. காலையில் டீயோடு வந்தது.

நடந்தேன். வீடு இரண்டு கிலோமீட்டர். மாமாவின் போன் என்னை முந்திவிட்டிருந்தது. வீட்டுக் கூடத்தில் என் பை இருந்தது, ஜிப் மூடப்படாமல். துணி, தலையணை உறை, சார்ஜர், நான் பாதியில் விட்ட டிப்ளமோவின் ஒரு புத்தகம்கூட. எதையும் விடாமல் மடித்து வைத்திருந்தாள். பிள்ளைகள் இன்னும் வரவில்லை.

அக்கா சமையலறை வாசலில் நின்றாள். அழுதிருக்கவில்லை.

"காட்டிக் குடுத்துட்டியேடா."

"கோடு யாருதுன்னு சொன்னேன்."

"அதுக்குப் பேர் வேற என்ன?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

பதில் சொல்லமாட்டாள் என்று நினைத்தேன். சொன்னாள். "அன்னைக்கே. மூணு மணிக்கு வந்தாரு. வந்து உட்கார்ந்து அழுதாரு. தப்பான நட்டைப் போட்டு அனுப்பிட்டேன், பயத்துல அவன் கலர்ல கோடு போட்டுட்டேன்னு."

மூன்று மணி. ஐந்தரைக்குத்தான் நான் வேலைக்குக் கிளம்பியது. ஆறரைக்குத்தான் சக்கரம் கழன்றது. அந்த மூன்றரை மணி நேரமும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆமையின் நம்பர் என் போனில் இருந்தது. 'ஓரமா நிறுத்துங்க' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"என்னை எழுப்பியிருக்கலாமே. பக்கத்து ரூம்லதானே கிடந்தேன்."

"நீ தூங்கிட்டு இருந்தே," என்றாள் அக்கா.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆறு வருஷமாக அந்த வீட்டில் பகலில் டிவி சத்தம் குறைவாகத்தான் இருக்கும். பிள்ளைகள் ஜாடையில் சண்டை போடுவார்கள். ராத்திரி வேலை பார்ப்பவனைப் பகலில் எழுப்பக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அன்றைக்கும் சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"கேஸ் அவர் பேர்ல போகுமாமே," என்றாள். "ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? உன்கிட்ட என்ன கேட்டேன்? ஒரு ஆமாதானே கேட்டேன்?"

பையை மூடித் தோளில் போட்டுக்கொண்டேன். கீ செயினிலிருந்து அந்த வீட்டுச் சாவியைக் கழற்றி டிவி மேல் வைத்தேன்.

"சாப்பிட்டுப் போ," என்றாள். வாய்ப் பழக்கம். சொல்லிவிட்டு அவளே பின்வாங்கினாள்.

வாசலைத் தாண்டினேன். கதவு பின்னால் மூடியது. போன வருஷம் பழைய பூட்டு தேய்ந்துபோனபோது, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நாலு கடை ஏறி, துளையும் நாக்கும் அளந்து பார்த்து, சரியானதை வாங்கிவந்து மாட்டியவன் நான். இரண்டு சுற்று. முதல் சுற்று லேசாகத் திரும்பும், இரண்டாவது கொஞ்சம் அழுத்தினால்தான் விழும். படியில் நின்று கேட்டேன். அக்கா இரண்டாவது சுற்றையும் அழுத்திப் பூட்டினாள்.